ஏழாவது பங்கு

வக்கீல் ஆபீஸுக்குக் கிராணிகளாக வந்திருக்கிற தம்பிகளுக்கு டைப் அடிக்கவும் ஃபைல் கட்டவும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் மூன்று மாதத்தில் கை தானாகப் பழகிவிடும். சத்தியப் பத்திரத்தின் அடியில் ஒரு வரி வருமே, "மேற்கண்ட சங்கதிகளைத் தமிழில் படித்துக் காட்டினேன், அவர் புரிந்துகொண்டு என் முன்னால் கைநாட்டு வைத்தார்" என்று. அதற்குக் கீழே யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறீர்களே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முப்பத்தைந்து வருடம் அந்த வரிக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒருமுறை பொய்யாகப் போட்டேன். சிரிக்காதீர்கள், அந்த ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் உலகப் போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஆபீஸ் பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு மாடியில் இருந்தது. துரை வெள்ளைக்கார பாரிஸ்டர். நான் அவருக்குத் தமிழ்க் கட்சிக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் கிராணி, ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. வயது இருபத்தாறு. துரையின் புத்தகங்களைத் திருட்டுத்தனமாகப் புரட்டிப் புரட்டி, பாதி வக்கீல் ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு. அந்த நினைப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை காத்தமுத்து என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் பெரிய படகு, தொங்கான் என்பார்களே, அது ஒன்று அவருக்குச் சொந்தமாக இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாள் காலையில் அது உடைந்துபோயிருந்தது. அவரும் ஐந்து ஆட்களும் அவர்களுடைய வீடுகளும் சோறு தின்றது அந்த ஒரு படகை வைத்துத்தான்.

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பேரும் கருங்கல் ஏற்ற, பத்து ஃபெரிங்கி என்கிற கடற்கரைப் பக்கம் போயிருக்கிறார்கள். மழைக்குப் பிந்திய பனிமூட்டம். அதற்குள்ளிருந்து ஒரு பாய்க்கப்பல் சத்தமே இல்லாமல் வந்திருக்கிறது. நாகப்பட்டினத்துக் கப்பல். நடு பாய்மரம் முறிந்து, ஒரு பக்கம் சாய்ந்து, கலங்கரை விளக்க முனையின் பாறைகளை நோக்கி மிதந்துகொண்டிருந்தது.

"மூணு தரம் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன் கிராணி ஐயா. பதில் இல்ல. சரி, ஆளில்லாத கப்பல்னு நெனச்சு, முன்பக்கமாப் போயிக் கயித்த வீசினேன். ஒரு குருட்டு வீச்சுதான். ஆனா வீசின கயிறு திரும்பி விழலை. மேல ஒரு ஆள் பிடிச்சிக்கிட்டார்."

"யாரண்ணே அது?"

"தெரியல. பல்வலிக்காரன் மாதிரி தாடையைச் சுத்தித் தலைக்கு மேல துணி கட்டியிருந்தார். காலு ரெண்டையும் சேத்து வச்சபடி நின்னார். பேசலை. எங்களைப் பார்க்கவும் இல்ல. கயித்த அங்க இருந்த கட்டையில சுத்தினார், சுத்தினார், சுத்திக்கிட்டே இருந்தார். அப்புறம் குனிஞ்சு தன் காலுக்கிட்ட என்னமோ செஞ்சார். நிமிர்ந்தப்போ கையில ஒரு துணித்துண்டு. அதை வச்சுக் கயித்து நுனியக் கட்டினார். கட்டி முடிக்கவும் ஒரு அலை வந்து எங்க தொங்கானைத் தூக்கிக் கப்பல் மேல அடிச்சு நொறுக்கிப் போட்டுச்சு. அந்தக் கயித்தப் புடிச்சுத்தான் ஆறு பேரும் ஏறினோம். அது இல்லேன்னா இன்னிக்கு நாங்க இல்லலா."

மேலே ஏறியவர்கள் தண்ணீரை இறைத்து, சின்னப் பாயை ஏற்றி, பாறைக்கு முந்நூறு முழம் இருக்கும்போது கப்பலைத் திருப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். பெரிய வேலை. அதற்கான கூலியைக் கேட்கத்தான் எங்களிடம் வந்திருந்தார்.

"மேல ஏறிப் பார்த்தா, அந்தக் கட்டைக்குப் பக்கத்துலயே அவர் கெடக்கிறார். நான் கிட்டப் போயி..."

"போதும்ண்ணே, போதும்" என்று கையைக் காட்டி நிறுத்தினேன்.

ஏன் நிறுத்தினேன் என்றால், அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்று விடிந்ததும் அந்தக் கப்பலின் தண்டல், அதாவது கப்பல் தலைவர், தன் ஆட்கள் பத்துப் பேரோடு எதிர்ப்பக்கத்துக் கெடா கரையிலிருந்து வந்து போலீசில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். கப்பலில் பன்னிரண்டு பேர். நாகலிங்கம் என்ற ஒருவன் காய்ச்சலில் கிடந்து சனிக்கிழமை மத்தியானம் செத்துப்போனான். சாயங்காலம் புயல். கப்பலுக்குள் தண்ணீர். பிணத்தை மேல்தட்டிலேயே விட்டுவிட்டு மற்ற பதினொரு பேரும் சின்னப் படகில் தப்பினார்கள். காத்தமுத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போலீசிடம் ஒப்படைத்தது அந்த நாகலிங்கத்தின் உடலைத்தான்.

பட்டப்பகல், கீழே தெருவில் ரிக்‌ஷாக்காரர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள், எனக்கோ முதுகுக்குப் பின்னால் யாரோ கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பார்த்தேன்.

பிறகு என் அரைகுறைச் சட்ட மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஆபத்தில் இருக்கும் கப்பலைக் காப்பாற்றியவனுக்குக் கூலி உண்டு. கொடுக்க மறுத்தால் கோர்ட்டு அந்தக் கப்பலையே பிடித்து வைக்கும். ஆட்கள் அடியோடு கைவிட்டுப் போன கப்பல் என்றால் கூலி இன்னும் அதிகம். மேலே ஒருவன் நின்று கயிற்றை வாங்கினான் என்றால் அது கைவிட்ட கப்பல் இல்லை என்று எதிர்க்கட்சி சொல்லும். வாங்கியவன் முதல் நாளே செத்தவன் என்றால் நீதிபதி சிரித்துவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிடுவார். எப்படிப் பார்த்தாலும் அந்த ஆள் நமக்கு ஆகாது என்று முடிவு கட்டினேன்.

காத்தமுத்து ஒன்றே ஒன்றைத்தான் மறுபடி மறுபடி சொன்னார். "ஏழு பேருன்னு எழுதுங்க ஐயா. ஏழு பங்கு. கயித்துல கை வச்சவனுக்குப் பங்கு உண்டு. எங்க வழக்கம் அது."

"சரிண்ணே, சரி" என்று தலையை ஆட்டிவிட்டு ஆறு பேர் என்று எழுதினேன். படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் குரலை வேகமாக ஓட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்தார். நான் அந்த வரிக்குக் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு ஒரு புத்திமதியும் சொன்னேன்: "கோர்ட்டில கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்களா எதுவும் சொல்லாதீங்க."

அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இந்தத் தொழிலில் கெட்டவன் செய்யும் தப்பு சீக்கிரம் பிடிபட்டுவிடும், தம்பிகளா. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஒருவன் செய்கிற தப்புதான் கோர்ட்டு வரைக்கும் போய் உட்காரும்.

புதன்கிழமை கப்பலைப் பிடித்து வைக்கும் உத்தரவை ஒட்டப் போன கோர்ட்டு பேலிஃபுடன் நானும் போனேன். காத்தமுத்து சம்பான் என்கிற சின்னப் படகைத் தள்ளினார். அந்தக் கப்பலில் சரக்கு வெங்காயம். தண்ணீரில் ஊறி முளைவிட்டு, மூடு பலகைகளின் இடுக்கு வழியாக வெளுத்த முளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. யாரும் இல்லை. பேலிஃப் முறியாத மரத்தில் உத்தரவை வைத்து ஆணி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் கீழே கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து கொஞ்சம் தாமதித்து ஒரு சத்தம் திரும்பி வந்தது. மூன்றாவது அடிக்குப் பிறகு பேலிஃப் சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நாலாவது ஆணியை அடிக்கவே இல்லை.

முன்பக்கத்தில் அந்தக் கயிறு அப்படியே இருந்தது. கட்டையைச் சுற்றிப் பத்தொன்பது சுற்று. எண்ணினேன். கயிறு கட்டத் தெரிந்தவன் நாலு சுற்றில் முடிச்சுப் போட்டுவிடுவான். இது முடிச்சை இறுக்கப் பலமில்லாதவன் சுற்றியது போல இருந்தது. நுனியில் ஒரு வெள்ளைத் துணிக்கிழிசல், பச்சைக் கரை போட்டது. பேலிஃப் அதில் கை வைக்கப் போனார்.

"தொடாதீங்க துரை. கட்டினவரு கட்டினது இருக்கட்டும்" என்றார் காத்தமுத்து.

இவர்களே கட்டிவிட்டுப் பயத்தில் கதை சொல்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சம்பானில் இறங்கிவிட்டேன். அன்றைக்கு நாகலிங்கத்தின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. மறுநாள் தண்டல் சொன்ன சனிக்கிழமையையே இறந்த நாளாகப் போட்டு எரித்துவிட்டார்கள். நான் அந்த ஏழாவது ஆளை விடாமல் எழுதியிருந்தால், துரை படித்துவிட்டு டாக்டருக்கு ஒரு சீட்டு அனுப்பியிருப்பார், கயிறு இழுத்த தடம் இருக்கிறதா, அந்த உள்ளங்கைகளைக் கொஞ்சம் பாருங்கள் என்று. யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

நாலு மாதம் கழித்து லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டில் கேஸ் வந்தது. அதுவரை அந்த ஆறு பேரும் கூலிக்கு மூட்டை தூக்கினார்கள். எதிர்க்கட்சி வக்கீல் மெலிந்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். காத்தமுத்து கூண்டில் ஏறினார்.

"எத்தனை பேர் சேர்ந்து கப்பலைக் காப்பாற்றினீர்கள்?"

"ஏழு பேருங்க."

வக்கீல் சத்தியப் பத்திரத்தை எடுத்தார். "இதில் ஆறு என்று இருக்கிறதே. ஏழாவது ஆள் யார்?"

"மேல நின்னு கயிறு கட்டினவரு."

"அந்தக் கப்பலில் இருந்த ஒரே ஆள் முதல் நாளே இறந்துவிட்டான் என்பது உனக்குத் தெரியுமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்படியானால் பிணம் கயிறு கட்டியது. அதுதானே?"

"யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. கயிறு கட்டினார்."

கோர்ட்டில் சிரிப்பு. வக்கீல் சிரிக்கவில்லை. "இந்தக் காகிதத்தை உனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்களா?"

காத்தமுத்து என்னைப் பார்த்தார். ஒரு நொடி இருக்கும். ஐயோ, இதோ சொல்லப் போகிறார், தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: "படிச்சாருங்க. அன்னிக்கு எனக்குத்தான் மனசு ஒரு நெலையில இல்ல. காதுல விழாமப் போயிருக்கும்."

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. படகு போனவர், என் சம்பளத்தைக் காப்பாற்றத் தன் கேஸைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறார்.

சாப்பாட்டு இடைவேளையில் துரையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "நீ போய்ச் சொன்னால் உன் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அவனுடைய படகுக்கு ஈடு கிடைக்காமல் போகும். எதைச் செய் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டரை மணிக்குக் கோர்ட்டு கூடும்" என்றார். என் வாழ்நாளில் நான் கேட்ட புத்திமதிகளில் அதைவிடக் கொடுமையானது எதுவும் இல்லை. அதைவிட நல்லதும் இல்லை.

இரண்டரைக்குத் தண்டல் கூண்டில் ஏறினார். வயதானவர், கண்ணியமானவர். நாகலிங்கம் சனிக்கிழமையே செத்தான் என்று நிரூபிக்க அவர்கள் வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டார். செத்தபின் என்ன செய்தீர்கள்?

"செய்ய வேண்டியதைச் செஞ்சோம். வாய்க்கட்டு கட்டினோம். கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டினோம். துணி ஏதும் அகப்படல, என் வேட்டியவே கிழிச்சேன். பச்சைக் கரை வேட்டி."

தாடையைச் சுற்றிய துணி. சேர்த்து வைத்த கால்கள். குனிந்து காலருகே என்னவோ செய்தார் என்றாரே, நிமிர்ந்தபோது கையில் துணித்துண்டு இருந்தது என்றாரே, அந்தத் துணியை நான் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது சுற்றின் முனையில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

நான் சாட்சி சொல்கிறேன் என்று துரைக்குச் சீட்டு அனுப்பினேன். அவர் என்னைக் கூண்டில் ஏற்றினார். ஏழாவது ஆளை விட்டுவிட்டு எழுதியதையும், விட்டுவிட்டுப் படித்ததையும், பொய்யாகக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். பிறகு அந்தத் துணியைப் பற்றிச் சொன்னேன். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, கயிறு எங்கே என்று கேட்டார். கப்பலில் தண்ணீர் இறைக்கப் போன ஆட்கள் எப்போதோ அதை வெட்டிக் கடலில் எறிந்திருந்தார்கள். "இல்லாத கயிறு, இல்லாத துணி, பொய்க் கையெழுத்துப் போட்ட சாட்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

நீதிபதி மட்டும் தண்டலைத் திரும்பக் கூப்பிட்டார். "அவன் மூச்சு நின்றுவிட்டது என்று எப்படிப் பார்த்தாய்?"

தண்டல் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"மூக்குக்கிட்ட கைய வச்சுப் பார்த்தேன் துரை. அப்பவே காத்து ஆரம்பிச்சிருச்சு. எது காத்து, எது மூச்சுன்னு..." அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நீதிபதியும் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. கயிறு கட்டியது யார் என்பதை இந்தக் கோர்ட்டு முடிவு செய்யத் தேவையில்லை. படகுக்காரர் உண்மை பேசுகிறவர். பத்திரத்தில் உள்ள குறை கிராணியுடையது. உடைந்த படகுக்கு ஈடும், ஆட்களுக்குக் கூலியும் கிடைத்தது. கைவிட்ட கப்பலுக்குரிய பெரிய கூலி கிடைக்கவில்லை. என் கையெழுத்து ஒரு வருடத்துக்கு எந்தப் பத்திரத்திலும் செல்லாது என்று ஆனது. துரை சம்பளத்தைக் குறைத்தார், வேலையை விட்டு அனுப்பவில்லை.

காத்தமுத்து ஒரு பழைய தொங்கானை வாங்கிக்கொண்டு, கூலியை ஏழாகப் பிரித்தார். ஏழாவது பங்கை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "அவரு வீட்டுக்கு அனுப்பிடுங்க ஐயா." தண்டலின் ஆட்களிடம் விலாசம் வாங்கி, நாகலிங்கத்தின் மனைவிக்கு மணியார்டர் அனுப்பினேன். உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்த வேலைக்கு அவருடைய பங்கு என்று கூடவே ஒரு கடிதம்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. பணம் கிடைத்தது என்று ஒரு வரி. பிறகு இப்படி: "தண்டல் ஐயா வந்து சொன்னது சனிக்கிழமை, அமாவாசை. தாங்கள் எழுதியிருப்பது ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குப் பிரதமை. அவருக்கு எந்தத் திதியில் கொடுப்பது என்று தெரியப்படுத்த வேண்டியது. இன்னொன்றும் கேட்கிறேன். கடைசியில் அவர் வாயில் யாராவது ஒரு வாய் தண்ணீர் விட்டார்களா?"

இரண்டு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். சனிக்கிழமை என்று எழுதினால், நான் அனுப்பிய பங்கு ஒரு பிணத்தின் கூலி. ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினால், உயிரோடு இருந்தவனை வாயையும் காலையும் கட்டி, மூழ்கும் கப்பலில் விட்டுவிட்டு வந்தார்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்வதாகும். ஒரு வார்த்தையை மழுப்பி எழுதிவிடலாமா என்று என் கை மறுபடியும் அரித்தது. வெட்கம் கெட்ட கை.

கடைசியில் வெல்ட் கீ துறைக்குப் போனேன். காத்தமுத்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கடிதத்தை முழுவதும், ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன். அவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"நான் விட்டேன்" என்றார்.

"என்னண்ணே?"

"தண்ணி. நான் விட்டேன். மேல ஏறிக் கிட்டப் போனப்போ கண்ணு அசைஞ்சுச்சு. வாய்க்கட்டை அவுத்தேன். தண்ணி ஊத்தினேன். மூணு மடக்கு உள்ள போச்சு, ஐயா. அப்புறந்தான் கண்ணு நின்னுச்சு."

கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டேன். "இதை ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"மொத நாளே சொல்ல வந்தேன்லா. நீங்கதான் கையைக் காட்டிப் போதும்னீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னீங்க. கோர்ட்டில யாரும் கேக்கல. நானாச் சொன்னா, என் கையில செத்தான்னு என்னையே புடிச்சு உள்ள போட்டுடுவாங்கன்னு பயம்."

அந்த அரிசி மூட்டைமேலேயே காகிதத்தை வைத்து எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை, பிரதமை. வாய்க்கட்டை அவிழ்த்துத் தண்ணீர் விட்டார்கள். மூன்று மடக்கு குடித்தார். குடித்துவிட்டுத்தான் போனார்.

எழுதியதைக் காத்தமுத்துவிடம் நிதானமாக இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அவர் கட்டைவிரலில் மையைத் தடவிக்கொடுத்தேன். கைநாட்டு வைத்தார். அடியில், "மேற்கண்ட சங்கதிகளைத் தமிழில் படித்துக் காட்டினேன், அவர் புரிந்துகொண்டு என் முன்னால் கைநாட்டு வைத்தார்" என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். என் கையெழுத்து எங்கும் செல்லாத வருடம் அது. கடிதத்துக்கு அந்த வரியும் தேவையில்லை.